ஸ்பான்சர் தேவையில்லை, அப்பா இருந்தால் போதும்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே வந்தால் பிரியாணிக் கடைப் பலகைக்கும் பிளாட் விற்கிற பலகைக்கும் நடுவே இன்னொரு பலகை கண்ணில் படும். ஒரு சிவப்பு இலை, ஒரு கங்காரு, கோட்டு போட்ட ஒரு சிரிப்பு. ‘கம்பெனி ஸ்பான்சர் தேவையில்லை! திறமை போதும்! குடும்பத்தோடு பி.ஆர்.!’ பாலாற்றைத் தாண்டிப் படாளம் கூட்டுரோட்டில் இறங்குவதற்குள் இந்த உபதேசம் மனப்பாடமே ஆகிவிடும்.

பி.ஆர். என்றால் நிரந்தர வசிப்புரிமை. பலகை சொல்வது உண்மைதான். ஆஸ்திரேலியாவில் 189 என்று ஒரு விசா உண்டு. முதலாளி வேண்டாம், மாநில அரசின் சிபாரிசு வேண்டாம், அங்கே சொந்தக்காரரும் வேண்டாம். கனடாவில் 2015 ஜனவரி முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அமெரிக்காவில் ‘தேசிய நலன்’ என்ற கணக்கில் தனக்குத் தானே மனுப் போட்டுக்கொள்ளலாம். மதுராந்தகம் ஏரித் தண்ணீரில் வளர்ந்த நான் வராவிட்டால் அமெரிக்காவின் நலன் கெட்டுவிடும் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பிறகு வரிசையில் நிற்கலாம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான அந்த வரிசை 2025 முழுவதும் 2013-ஐத் தாண்டவில்லை. அவ்வளவு அவசரம் அவர்களுடைய நலனுக்கு.

சரி, திறமை என்றால் என்ன? ஆஸ்திரேலியா அதற்கு விலைப்பட்டியலே போட்டிருக்கிறது. வயது 25 முதல் 32 வரை என்றால் 30 புள்ளி. 40 ஆனால் 15. 45 ஆகிவிட்டால் கதவே சாத்தல். ஆங்கிலம் உச்சத்தில் இருந்தால் 20. பி.இ. படித்திருந்தால் 15. கல்யாணம் ஆகாதவனுக்கு 10. கல்யாணமாகி, மனைவி ஆங்கிலப் பரீட்சை மட்டும் தேறினால் 5. அவர்களுக்கு வேண்டிய தொழிலும் அவள் கையில் இருந்தால் 10. விடியலில் எழுந்து மாடு கறந்து, மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதி, மாமியாருக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாளே, அவளுக்கு? பூஜ்யம். தாலி கட்டாமலே இருந்திருந்தால் 10. ஆக, கட்டியதற்கு அபராதம் 10 புள்ளி.

பெற்றவர்களுக்கு எந்தக் கட்டத்திலும் புள்ளி இல்லை. தமிழுக்கு உண்டு! நாட்டி என்ற அமைப்பு நடத்தும் மொழித் தேர்வில் தேறினால் தமிழுக்கு முழுசாக 5 புள்ளி. மேடை மேடையாகத் தமிழுக்கு உயிரைக் கொடுப்பதாகச் சொன்னவர்களின் பிள்ளைகள், அந்த 5 புள்ளிக்காக ‘வாடகை ஒப்பந்தம்’ ‘முன்பணம்’ என்று தமிழ்ச் சொற்களை இப்போது பயிற்சி வகுப்பில் உருப்போடுகிறார்கள்.

மென்பொருள்காரனுக்குத் தனி மரியாதை. அவன் தொழிலை எடைபோடும் ஆஸ்திரேலியக் கம்ப்யூட்டர் சொசைட்டி, அனுபவத்தில் குறைந்தது முதல் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ணவே ஆரம்பிக்கும். அந்த இரண்டு வருடமும் பையன் சோழிங்கநல்லூரில் விடிகாலை ஷிப்டில் சிட்னிக்காரனுடைய பேங்குக்குத்தான் வேலை பார்த்திருப்பான். பேங்குக்கு அது வேலை. விசா ஆபீசுக்கு அது கழிவு.

பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் நமக்கு இதெல்லாம் உறுத்தவில்லை. ஜாதகத்தைக் கையில் கொடுத்து ‘பாத்துச் சொல்லுங்க’ என்று நிற்பது ரத்தத்தில் இருக்கிறது. கல்யாணத் தரகரும் சீக்கிரமே பாடத்தை மாற்றிக்கொண்டார். நட்சத்திரம் அப்புறம், “பொண்ணு ஐஈஎல்டிஎஸ்ல எவ்ளோ?” என்று ஆங்கிலப் பரீட்சை மார்க்கைக் கேட்பதுதான் முதல் வேலை. பையனுக்கு பி.ஆர். வந்துவிட்டால் போடுகிற பவுன் ஏறும். அந்த நாட்டில் மனைவிக்குப் பூஜ்யம், இந்த நாட்டில் அந்த நாட்டு பி.ஆருக்கு நூறு பவுன். இரண்டு பக்கமும் தண்டம் கட்டுவது பெண்தான்.

ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சம் 65 புள்ளி. பலகைக்காரன் அதோடு நிறுத்திக்கொள்வான். 65 என்பது வரிசையில் நிற்க அனுமதி. பொறியாளருக்கும் மென்பொருள்காரனுக்கும் அழைப்பு வருவது அதற்கு வெகு மேலே. கனடாவில் கேலி இன்னும் கொஞ்சம் பச்சை. அங்கே புள்ளிக்கு அளவுகோலே வேறு. 2024 பிப்ரவரி கடைசியில் பொது அழைப்புச் சுற்றின் வெட்டுப்புள்ளி 534. அடுத்த நாளே பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்று. வெட்டுப்புள்ளி 336. அதைப் பார்த்துவிட்டுத்தான் நம் மெக்கானிகல் பட்டதாரிகள் பாண்டிச்சேரி பஸ் ஏறி, பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்து மூக்கால் பேசிப் பழகுகிறார்கள். பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தில் விட்டதைப் பிடிக்கிறோம்.

மொழியை வைத்து ஆளை வடிகட்டுவது இந்த நாடுகளுக்குப் புதிதில்லை. 1901-ல் ஆஸ்திரேலியா ஒரு சட்டம் போட்டது. வந்திறங்குகிறவனுக்கு ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் 50 சொல் வாசிப்பார்கள், பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம். 1934-ல் எகோன் கிஷ் என்ற செக் எழுத்தாளர் வந்தார். பல மொழி அறிந்தவர். அவரைத் தோற்கடிக்கவென்றே ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றமே அது செல்லாது என்றது. அந்தத் தேர்வு 1958-ல் ஒழிந்தது. இன்றைய பரீட்சை நிறம் பார்ப்பதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு வருடம் ஆங்கிலத்திலேயே பி.இ. படித்தவனின் ஆங்கிலம் கனடா கணக்கில் இரண்டே வருடத்தில் காலாவதி ஆகிறது. பால் பாக்கெட்டைப் போல அதற்கும் தேதி உண்டு. மறுபடி எழுத 17,000 ரூபாய்க்கு மேல்.

அந்த 17,000 யாருடையது? இங்கேதான் பலகையின் பெரிய பொய். ஸ்பான்சர் தேவையில்லையாம். ஸ்பான்சர் இருக்கிறார். படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற அப்பாதான் அது. அவர் பெயருக்குப் படிவத்தில் புள்ளி கிடையாது, அவ்வளவே. 2024-25 கணக்கில் 189 விசாவுக்குக் கட்டணம் 4,765 ஆஸ்திரேலிய டாலர். மனைவிக்கும் பிள்ளைக்கும் தனி. கனடாவுக்கு நான்கு பேர் குடும்பம் என்றால் 2025-ல் 28,362 கனடா டாலர் கையிருப்புக் காட்ட வேண்டியிருந்தது. நம் பணத்தில் 17 லட்சத்தைத் தாண்டும். கடன் வாங்கிய பணம் செல்லாது. ஆறு மாதச் சராசரியைப் பார்ப்பார்கள். “அதுக்கு இன்னா சார், நாங்க பணம் போட்டுக் காட்டறோம், வட்டி மட்டும் குடுங்க” என்கிறான் ஏஜென்ட். அனுபவச் சான்றிதழும் போட்டுத் தருவான். மாட்டினால் கனடா சட்டப்படி ஐந்து வருடத் தடை. யாருக்கு? பையனுக்கு. ஏஜென்ட் அதற்குள் பலகையில் கங்காருவை எடுத்துவிட்டு ஜெர்மன் கழுகை மாட்டியிருப்பான்.

அப்பா அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? 1966-ன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு போய்ச் சேர்ந்த 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் 15 சதவீத வட்டி. தமிழ்நாட்டில் அந்த வட்டியைக் கேட்காமலே கையில் வாங்கிய விவசாயி யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவருக்கு நானே ஸ்பான்சர் செய்கிறேன். ஆக, ரோட்டோரக் காணி போகும். பிளாட் பலகையும் பி.ஆர். பலகையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதன் காரணம் இப்போது புரிகிறதா? இந்தப் பலகைக்காரன் வாங்குவது, அந்தப் பலகைக்காரனிடம் விற்ற காசு.

மனிதனுக்குத்தான் இத்தனை சோதனை. மறைமலை நகருக்கு 1990-களில் ஃபோர்டு வந்தபோது யாரும் அதற்கு ஐஈஎல்டிஎஸ் வைக்கவில்லை. வயது கேட்கவில்லை. கணவனா மனைவியா என்று கேட்கவில்லை. நிலம், மின்சாரம், சலுகை என்று தாம்பாளம் வைத்து அழைத்தோம். 2021 செப்டம்பரில் ‘கிளம்புகிறேன்’ என்றது, 2022-ல் கடைசிக் காரை ஓட்டிவிட்டுப் போனது. அப்புறம் திரும்பி வருகிறேன் என்றதும் மறுபடி தாம்பாளம். முதல் போட்டவனுக்கு ஊர் முழுக்க நிரந்தர வசிப்புரிமை. அங்கே வண்டிக்குக் கதவு மாட்டியவன் மெல்போர்னில் கதவு மாட்டப் போக வேண்டுமென்றால் போலீஸ் சான்றிதழ், நெஞ்சு எக்ஸ்ரே.

போகாதே என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாயில்லை. பொறியியல் கல்லூரிகளை ரோட்டோரம் வரிசையாகத் திறந்துவைத்து, படித்து வெளியே வந்தவனை ஒப்பந்தக்காரனிடம் தினக்கூலிக்கு விட்ட அரசுகளுக்கு அந்த வாய் வேண்டுமானால் இருக்கலாம். கோபம் போகிறவன்மேல் இல்லை. அவனுடைய ஆசையைத் தடையில்லாமல் கூறுபோட்டு விற்கிறவன்மேலும், அதை வேடிக்கை பார்க்கிறவர்கள்மேலும்தான். 1983-ன் குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிறவனைப் பதிவு செய்யச் சொல்கிறது. பி.ஆர். விற்கிறவன் வேலை தருவதாகச் சொல்லவே இல்லையே! ‘ஸ்பான்சர் தேவையில்லை’ என்ற வாசகத்தின் முழு அழகும் அங்கேதான். பஞ்சாப் 2012-லேயே விசா ஆலோசகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. நம் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஓட்டுக்கு வரும்போது, அந்தச் சட்டத்தைப் படித்தாரா என்று கேளுங்கள்.

அதுவரை, பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பும் அய்யாமார்களே, ஒரு நிமிடம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயர் பதியக் கட்டணம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் ஸ்கில்செலக்ட் இணையதளத்தில் விருப்பம் பதியவும் கிடையாது. இரண்டிலும் புள்ளி எத்தனை என்று உங்கள் பிள்ளையே ஒரு ராத்திரியில் கணக்குப் போட்டுவிடலாம். பெயர் பதிவதற்கே லட்சம் கேட்கிறவனிடம், கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பதிவு பெற்ற ஆலோசகர் எண் என்னவென்று கேளுங்கள். எண் சொன்னால் அந்தந்த நாட்டுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். சொல்லாவிட்டால் காணியை விற்காதீர்கள்.