மிஸ்ஸி வீட்டுக்கு வராமலிருக்க மாமன் சொல்லும் யோசனை

வா மருமகனே, உட்காரு. என் தங்கச்சிய ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரப்போறியாம். வீட்டுக்கு மிஸ்ஸிய, அதான் நர்ஸ, அனுப்பட்டுமான்னு டாக்டர் கேட்டதுக்கு, நீ வேணாம்னுட்டியாமே? சபாஷ்! 2014லேருந்து மலேசியாவுல கவர்மெண்ட்டு கிளினிக்கு ஆளுங்க, படுத்த படுக்கையா கிடக்குறவங்கள வீடு தேடி வந்து பாக்குறாங்க. அவங்கள வாசப்படி மிதிக்கவிடாம இருக்க, எனக்குத் தெரிஞ்ச வழியச் சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல, கௌரவத்தப் புடிச்சுக்க. கவர்மெண்ட்டு வண்டி வாசல்ல நின்னா, கூலாய் ஊரு முழுக்க என்ன பேசும்? அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்தாப் பரவால்ல, அது ஊருக்குத் தெரியாது பாரு.

அடுத்து, அட்ரஸ ஒழுங்கா எழுதாதே. ‘செம்பனைக்குள்ள, கோயிலத் தாண்டி, மாமரத்துக்கு இடப்பக்கம்’னு எழுது. போன் நம்பர மாத்து, யார்கிட்டயும் சொல்லாதே. நாயையும் அவுத்துவிடு.

மூணாவது, ஃபாரம் எதையும் தொடாதே. படுக்கையில கிடக்குறவங்களப் பாத்துக்குற ஏழைப்பட்ட குடும்பத்துக்கு, சமூகநல இலாகா மாசாமாசம் உதவிப் பணம் குடுக்குது. கேட்டு வாங்குனா நம்ம பரம்பரைப் பெருமை என்னாவுறது?

கடைசி வழி இருக்கே, அத யாராலும் அசைக்க முடியாது: வீட்டுல ஆளே இல்லாமப் பாத்துக்க. பாத்துக்க ஒருத்தர் இருந்தாத்தான் அவங்க அம்மா பேரப் பதிவாங்க. மூக்குக் குழாய்ல பால் ஊத்துறப்போ தலைய எவ்வளவு தூக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எப்படிப் புரட்டணும்னு அந்த ஆளுக்குத்தான் கத்துக்குடுப்பாங்க. ஏறக்குறைய மூணு மாசம் வந்து பாப்பாங்க, அப்புறம் உங்க பாடு. நீயோ விடிகாலையில மோட்டார எடுத்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போயிடுற. அங்க ஒரு வெள்ளி, இங்க மூணுக்கு மேல. உன்னையும் குத்தம் சொல்ல முடியல. உன் பொண்டாட்டி செனாய் ஃபேக்டரியில. கதவத் தொறக்க யாரு, நானா? எனக்கே முட்டி வலி.

சரி, நக்கல் போதும். 2019 கணக்குல நம்ம மலேசிய இந்தியப் பெரியவங்கள்ல நூத்துக்கு 31 பேருக்கு இனிப்புநீர். பக்கவாதமும் கால் புண்ணும் நம்ம வீட்டுக்கு வழி கேட்டா வருது? நாளைக்கே போயி டாக்டர்கிட்ட, ‘எழுதிக் குடுங்க’ன்னு கேளு. மிஸ்ஸி வர்ற அன்னைக்கு லீவு போட்டுட்டு கட்டில் பக்கத்துல நில்லு. பொம்பளைதான் கத்துக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல மருமகனே, உனக்கும் ரெண்டு கை இருக்கு.