ஒன்ராறியோவின் வள்ளல்

கடையெழு வள்ளல்களோடு கொடை அற்றுப்போயிற்று என்று வருந்துவோர் ஒருதரம் ஒன்ராறியோவுக்கு வந்து பார்க்க வேண்டும். 2018 முதல் இந்த மாகாணத்தை ஆளும் எங்கள் முதல்வர் டக் ஃபோர்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். வாங்கத்தான் எங்களுக்குக் கை காணாது.

ஆட்சிக்கு வந்த கையோடு அவர் கண்ணில் பட்டது குடிமக்களின் தாகம். பியரின் ஆகக் குறைந்த விலையை 1.25 டொலரிலிருந்து 1 டொலருக்கு இறக்கிவிட்டார். அதே கோடையில், ஹமில்டன், தண்டர் பே, லிண்ட்சே பகுதிகளில் ஏறக்குறைய 4,000 ஏழைகளுக்கு அடிப்படை வருமானம் கொடுத்துப் பார்த்த பரீட்சார்த்தத் திட்டத்தை நடுவழியில் நிறுத்தினார். பழக்கமில்லாத காசை வைத்துக்கொண்டு அவர்கள் திண்டாடக் கூடாதே என்ற கருணைதான். (பியர் மலிந்த பிறகு வருமானம் எதற்கு என்று கேட்டாலும் நியாயம்தான்.)

2024இல் அந்தக் கருணை இன்னும் சுரந்தது. மூலைக்கடைகளிலும் பியர் விற்பதென்றால் பியர் ஸ்டோர் நிறுவனத்தோடு இருந்த பழைய ஒப்பந்தம் முடிய ஓராண்டுக்கு மேல் பொறுக்க வேண்டும். அதுவரை சனங்கள் வாடுவதா? அந்த நிறுவனத்துக்கு 225 மில்லியன் டொலர் வரை கொடுக்க இணங்கி நாளை முன்னே இழுத்துவந்தார். அந்த ஆண்டிலேதான் குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 25 இலட்சம் பேர் என்று மருத்துவர் சங்கம் கணக்குச் சொன்னது. அவர்கள் காத்திருப்பார்கள். வருத்தம் பொறுக்கும், தாகம் பொறுக்குமா?

தாதியர் மீது அவர் வைத்த மதிப்பைச் சொல்லாமல் விடுவது பாவம். பெருந்தொற்றுக் காலத்தில் அவர்களை வீரர் என்று வாயாரப் புகழ்ந்தார். வீரத்துக்கு விலை பேசுவது இழுக்கல்லவா? அதனால்தான் பொதுத்துறைச் சம்பள உயர்வு ஆண்டுக்கு 1 வீதத்தைத் தாண்டக் கூடாதென்று 2019இலேயே சட்டம் செய்துவைத்திருந்தார். 2022இல் விலைவாசி 6.8 வீதம் ஏறியபோதும் அந்தச் சட்டத்தைக் கைவிடவில்லை. அது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னபோது மேன்முறையீடு செய்தார். அங்கும் தோற்ற பிறகுதான், 2024இல், தாதியரின் மானத்தைக் காக்கும் முயற்சியை மனமில்லாமல் விட்டார்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். எங்கள் வள்ளலோ தேர் ஓட முல்லைக்காட்டைக் கொடுப்பவர். 413ஆம் நெடுஞ்சாலைக்கு வகுத்த தடம் பாதுகாக்கப்பட்ட பசுமை வலயத்தின் ஊடாகப் போகிறது. அதற்கும் மேலாக, அந்த வலயத்தின் 7,400 ஏக்கரை 2022இல் வீடு கட்டவென்று விடுவித்தார். அதனால் நில உரிமையாளர்களின் சொத்து 8.3 பில்லியன் டொலருக்கு மேல் பெருகக்கூடும் என்று தணிக்கையாளர் நாயகம் மதிப்பிட்டார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்பார்கள். இந்தத் தணிக்கையாளர்களுக்கு அந்தப் பண்பே கிடையாது. வீடமைப்பு அமைச்சர் பதவி விலகினார். முதல்வர் மன்னிப்புக் கேட்டு நிலத்தை மீட்டார். கொடுத்ததைத் திருப்பி வாங்கும் நெஞ்சுரம் பாரிக்கே இருந்ததில்லை.

மோட்டார் வாகன ஸ்டிக்கர் கட்டணத்தையும் 2022 தேர்தலுக்குச் சற்று முன் ஒழித்தார். பஸ்ஸில் போகிறவருக்கு ஏற்கெனவே அந்தக் கட்டணம் இல்லை என்பதால், அவருக்குப் புதிதாக எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2025 தொடக்கத்தில் ஆளுக்கு 200 டொலர் காசோலை தபாலில் வந்தது. தேர்தலுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஆனால் காசோலையின் சூடு ஆற முன்னர், பெப்ரவரி 27இல், கொட்டும் பனிக்காலத்தில் தேர்தலை நடத்தி முடித்தார். பாதிக்கு மேற்பட்ட வாக்காளர் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. அவர்கள்மீது அவருக்கு எந்த மனக்குறையும் இல்லை. வந்து வாக்களித்தவர்களில் சுமார் 43 வீதத்தினர் அவர் கட்சிக்குப் போட, 124 ஆசனங்களில் 80 கிடைத்தன. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டோம் என்று நாங்கள் கூச்சப்படக் கூடாதென்று, ஒன்றைக்கூட வேண்டாமென்று சொல்லாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்.