காட்டோரம் முப்பதுக்கு நாற்பது

ஒசூர்க்காரர்களுக்கு இரண்டு வியாதிகள் உண்டு. ஒன்று, பெங்களூரு டிராஃபிக்கைத் திட்டுவது. இன்னொன்று, ஐம்பதைத் தாண்டியதும் காட்டோரம் வீடு கட்ட ஆசைப்படுவது. முதலாவதில் செலவில்லை. இரண்டாவது எனக்கு வந்தது. காலமெல்லாம் சிப்காட்டில் மெஷின் சத்தம் கேட்டவனுக்குக் குயில் கூவிக் கண் விழிக்கத் தோன்றுவது நியாயம்தான். அதற்காக பி.எஃப். பணத்தைத் தொடத் தோன்றியது எப்படி என்று மனைவி இன்றுவரை விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறாள்.

கெலமங்கலத்தைத் தாண்டி, ஊடேதுர்க்கம் காப்புக்காடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு சைட்டு. முப்பதுக்கு நாற்பது. தக்காளியும் ரோஜாவும் ராகியும் விளைகிற பூமி. டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வந்து ஐபோனுக்குக் கூடு செய்யத் தொடங்கியபின், இங்கே விலை கேட்பவர்கள் முதலில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறார்கள். விற்றவர்கள் நீட்டிய நோட்டீஸில் ‘இயற்கையின் மடியில்’ என்று போட்டு, மூலையில் ஒரு மானும் நின்றது. மானைப் போட்டவர்கள் யானையைப் போடவில்லை.

எனக்குத் துணிச்சல் கொடுத்தவர் தோரோ. 1845இல் அமெரிக்காவின் வால்டன் குளக்கரைக் காட்டில் தன் கையாலேயே பத்துக்குப் பதினைந்து அடியில் வீடு கட்டிக்கொண்டவர். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணி, சுண்ணாம்பு வரைக்கும் கணக்கெழுதிப் புத்தகத்திலேயே அச்சிட்டார். அதை மனைவியிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

“நிலம் யாருதுங்க?” என்றாள்.

நிலம் அவருடைய நண்பர் எமர்சனுடையது. அங்கேதான் இடித்தது. எனக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். “2023க்கு முன்னாடி கட்டணம் நாலு சதவீதம் சார், நீங்க கொடுத்து வெச்சவர்” என்றார் பத்திரம் எழுதுபவர். அதே கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றியதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. பிறகு பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம். தோரோ ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால் ‘வால்டன்’ எழுதியிருக்க மாட்டார்.

கட்டட அனுமதியைக் குறை சொல்ல முடியாது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால், 2024 ஜூலையிலிருந்து சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே வாங்கிக்கொள்ளலாம். அரசாங்கமே என்னை நம்பிவிட்டது. நம்பாதவர் மேஸ்திரி மட்டும்தான்.

வாஸ்துக்காரர் வாசல் கிழக்குப் பார்த்துத்தான் என்று அடித்துச் சொன்னார். கிழக்கே காடு. மேஸ்திரி நூலைக் கீழே போட்டார்.

“சார், அது சாமி வர்ற தடம்.”

“எந்தச் சாமி?”

“நாலு கால் சாமி.”

வாஸ்துக்காரர் விடுவதாக இல்லை. “லட்சுமி கிழக்கேயிருந்துதான் வருவா.”

“கஜலட்சுமியாவா?” என்றாள் மனைவி.

வாசல் கிழக்கிலேயே நின்றது. ஃபீஸ் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஐப்பசி வாக்கில் பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பும் யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று ராகி முற்றுகிற திசையெல்லாம் வந்து, தை மாசி வரை தங்கும். அவர்களுக்கென்று 2014இல் 504 சதுர கிலோமீட்டரில் காவேரி வடக்குச் சரணாலயமும், 2022இல் 686 சதுர கிலோமீட்டரில் காவேரி தெற்குச் சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள். 1980களில் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம் குடிபெயர்ந்துபோக, 1990இல் அங்கேயும் கௌண்டின்யா சரணாலயம் வந்துவிட்டது. ஈ.எம்.ஐ. இல்லாமல் மூன்று இடத்தில் சொத்து. 1,200 சதுர அடிக்காரன் நான்தான் ராத்திரியில் தூக்கமில்லாமல் புரள்கிறேன்.

வேலை பன்மொழியில் நடந்தது. அஸ்திவாரம் தெலுங்கில், சுவர் கன்னடத்தில், பூச்சு இந்தியில். பில் மட்டும் எனக்குப் புரிய வேண்டுமென்று தமிழில் வரும். ஐந்து மணி அடித்தால் மூன்று மொழிக்காரர்களும் ஒரே மாதிரி கிளம்பிவிடுவார்கள்.

கான்கிரீட்டுக்கு லாரித் தண்ணீர் வாங்கிச் சம்ப்பை நிரப்பினோம். மறுநாள் காலையில் பாதிதான் இருந்தது. லாரிக்காரர் அளவில் ஏமாற்றிவிட்டதாக நான் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, மேஸ்திரி என் தோளைத் தொட்டு மணல் குவியலைக் காட்டினார். ஓரத்து ஈர மண்ணில் ஒரு வட்டம் அழுந்தியிருந்தது. முன்பக்கம் நகங்களின் அச்சு. அவர் சிமென்ட் பாண்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்தார். விளிம்பு பிசகாமல் உட்கார்ந்தது. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். லாரிக்காரரிடம் “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டேன்.

அதிலிருந்து வீட்டுக்கு ஆன செலவைவிடக் காட்டைத் தள்ளிவைக்க ஆன செலவு அதிகம். சம்ப்புக்கு இரும்பு மூடி. ஜன்னலுக்குக் கிரில், கிரில்லுக்குக் குரங்கு வலை, வலைக்குள் கொசு வலை. சோலார் வேலி என்று வாய் திறந்தேன். காப்புக்காட்டுப் பக்கம் அதற்கு 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று தெரிந்தது. சரி, காம்பவுண்டையே உயர்த்துங்கள் என்றேன். உயர்த்தினார்கள். இப்போது கீழே நின்றால் காடு தெரியவில்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கலாம்தான். தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. குயில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பட்டாசுச் சத்தத்தில் கேட்பதில்லை. ராகிக் கொல்லைக்காரர்கள் ராத்திரி முழுக்க வெடி போட்டு விரட்டுகிறார்கள், பாவம். அவர்களுக்கு அது வருடச் சாப்பாடு, எனக்கு வியூ.

கிரகப்பிரவேசத்துக்கு ஜோசியர் தை மாதத்தில் நாள் குறித்துக் கொடுத்தார். விருந்தாளிகள் எல்லாரும் ஊரில் இருக்கும் மாதம், நாலு கால் விருந்தாளிகள் உட்பட. வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டியே ஆக வேண்டும் என்று புரோகிதர் பிடிவாதமாக இருக்கிறார். கரும்பும் வேண்டுமாம். கிழக்குப் பார்த்த வாசலில். மேஸ்திரி தன் பாக்கியை முதல் நாளே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.

ஆகவே சொந்தபந்தங்களுக்கு ஒரு விண்ணப்பம். சீர்வரிசையில் வாழைத்தாரும் வெல்ல மூட்டையும் தயவுசெய்து வேண்டாம். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு நாலரை மணிக்குள் வண்டி ஏறிவிடுங்கள். குத்துவிளக்கு எங்களிடம் நிறைய இருக்கிறது. டார்ச் லைட்டாகக் கொண்டுவந்தால் நல்லது.