செலக்ஷன் மாஸ்டர் மெத்தை வாங்குகிறார்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு செலக்ஷன் மாஸ்டராவது கண்ணில் படுவார். டேனரியில் மேசை முன் நின்று தோலைத் தரம் பிரித்தே தலை நரைத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெறுவார். தரம் பிரிப்பதிலிருந்து பெறமாட்டார். பந்தியில் உட்கார்ந்ததும் இலையைத் திருப்பிப் பார்ப்பார். மாப்பிள்ளை பார்க்கப் போகும் நாளில் மட்டும் வீட்டார் இவரிடம் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர் மெத்தை வாங்க வேலூருக்கு பஸ் ஏறினால், எந்தக் கடையில் நுழைகிறாரோ அந்தக் கடைக்கு அன்று வேறு வியாபாரம் நடக்காது.

முதல் தகராறு வெளிச்சத்தில் ஆரம்பிக்கும். வடக்குப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் தோல் பார்த்துப் பழகிய கண் அது. ட்யூப்லைட்டுக்குக் கீழே எதையும் நம்பாது. "மெத்தையைக் கொஞ்சம் வாசலுக்கு இழுத்துக்கினு வா தம்பி" என்பார். கடைப் பையன் மேலுறையின் பூவேலைப்பாட்டைத் தடவிக் காட்டினால், "இன்னா தம்பி, மேலேயே காட்டிக்கினு கீற? ஜிப்பைத் திற" என்பார்.

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூட்டுக்குறி என்று அத்தனை குறையும் உள்ள தோலைக்கூட மேலாகத் தேய்த்து, பூச்சு அடித்து, சூடான தகட்டால் அச்சு அழுத்தினால் பளபளவென்று வந்து நிற்கும். அந்த வித்தையைப் பக்கத்திலிருந்தே பார்த்தவரிடம் போய் மேலுறையைக் காட்டலாமா?

"ஹை டென்சிட்டி சார்" என்பான் பையன்.

"ஹைன்னா எவ்ளோ?"

"ரொம்ப ஹை சார்."

இந்த இடத்தில்தான் பக்கத்து அரிசிக்கடைத் தராசு உள்ளே வரும். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு, அவ்வளவுதான். ஆறடிக்கு மூன்றடி, ஆறு அங்குல உயரம், முழுக்க ஃபோம் என்றால் 40 டென்சிட்டிக்கு உள்ளிருக்கும் ஃபோம் மட்டும் 10 கிலோவைத் தாண்ட வேண்டும். 32 என்றால் 8 கிலோ சொச்சம். கனமான ஃபோம் சீக்கிரம் குழி விழாது. இறுக்கம் என்பது வேறு சமாச்சாரம். அழுத்தினால் கல்லாக இருக்கிற லேசான ஃபோமும் உண்டு; அதுதான் முதலில் பள்ளமாகும். தராசு மட்டும் போதுமா என்றால், மாஸ்டருக்குப் போதாது. ஃபோமில் சுண்ணாம்புத் தூள் கலந்து எடை ஏற்ற முடியும் என்பதால் விளிம்பை இரண்டு விரலால் கசக்கி, பொடி உதிர்கிறதா என்று பார்ப்பார். உப்புப் போட்ட பச்சைத்தோலை உதறாமல் எடை போட விடாதவர் ஆயிற்றே.

அடுத்தது 'ஆர்த்தோ'. முதுகுவலிக்கு இறுகின மெத்தைதான் மருந்து என்று பையன் பாடம் ஒப்பிப்பான். 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு, நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரைப் பார்த்துவிட்டு, நடுத்தர இறுக்கமே மேல் என்றது. மாஸ்டர் அதைப் படித்தவரில்லை. கட்டைவிரலை ஊன்றிப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருப்பார்.

பத்து வருஷ வாரண்டி என்று அட்டையை நீட்டினால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்பக்கத்துப் பொடியெழுத்தில் இறங்கிவிடுவார். பள்ளம் இத்தனை ஆழம் விழுந்தால்தான் குறை, கறை பட்டால் செல்லாது, கட்டில் பலகை சரியில்லை என்றால் செல்லாது. "இதுல மனுஷன் படுத்தா செல்லுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுப்பார்.

பெங்களூரு மகன் போனில் வந்து, ஆன்லைனில் வாங்கினால் 100 நாள் தூங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்பான். செருப்பும் ஷூவும் செய்கிற ஊர்க்காரர் விடுவாரா? "நூறு நாள் போட்ட ஷூவை எவன்டா திருப்பி எடுப்பான்? எடுத்தா அதை எவன் தலையில கட்டுவான்?" மகனிடம் பதில் இருக்காது. எனக்கும் இல்லை.

தென்னை நார் மெத்தை இந்த ஊர் வெயிலுக்குக் காற்றோட்டம். ஆனால் தினமும் ஒரே ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தால் அந்த ஓரம் அமுங்கிவிடும். மேலே மட்டும் மெதுவான மெமரி ஃபோம் வைத்ததைத் திருப்பிப் போட முடியாது, அதனால் அது ரிஜெக்ஷன். கடைசியில் இரண்டு பக்கமும் போடக்கூடிய சாதா ஃபோம் மெத்தை ஒன்றில் கை நிற்கும். அதுவும் மூலையில் தையல் கோணலாக ஓடிய ஒன்றாகத்தான் இருக்கும். மாஸ்டர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வரும். ஏற்றுமதியில் கழித்த ஷூவை மலிவாக வாங்கி வருஷக்கணக்கில் போட்டுத் தேய்க்கிற ஊரல்லவா! உள்ளே ஃபோம் முதல் தரம், மேலே தையல் பிசகு. "இது செகண்ட்ஸ். வெலையைக் கொறை." அரைமணி நேரத்தில் குறைந்துவிடும்.

மாஸ்டரின் வீட்டுக்காரம்மா கணக்கு வேறு. இலவம்பஞ்சு மெத்தை கட்டி தட்டினால் பிரித்து, வெயிலில் காயவைத்து, பஞ்சை அடித்து, புது உறை போட்டால் மறுபடி மெத்தை. குழி விழுந்த ஃபோமை யார் அடித்து எழுப்புவது? மாஸ்டர் தோற்கிற ஒரே வாதம் இது. அதனால் புது மெத்தையில் அவர் படுப்பார், பழைய மெத்தையில் அந்த அம்மா நன்றாகத் தூங்குவார்.

மெத்தை வாங்கப் போகிறவர்கள் தெரிந்த செலக்ஷன் மாஸ்டர் யாராவது இருந்தால் கூடவே அழைத்துப் போங்கள். காலையிலேயே, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது கிளம்புங்கள். மதியப் பிரியாணி உங்கள் செலவு. கறித்துண்டையும் அவர் தரம் பிரிப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.