நாய் மடிக்கும் அம்மா

காகித மடிப்புக் கலையான ஒரிகாமியில் தொடக்கக்காரருக்கு எளிதில் வாய்ப்பது நாய் முகம். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து, முக்கோணத்தின் இரு முனைகளைக் காதுகளாகக் கீழே இறக்கினால் போதும். யப்பானின் அகிரா யோஷிசாவா 1954இல் வெளியிட்ட நூலில் கோடுகளாலும் அம்புக்குறிகளாலுமே மடிப்புகளை விளக்கினார். மொழி தெரியாதவரும் மடிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக் கைப்பணிக்காக இதை மடிப்பவர் பிள்ளையின் அம்மா. பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வகுப்பு இருக்கிறதே!

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான ஊர் இது. ஏ4 தாளைச் சதுரமாக்க 87 மில்லிமீற்றரை வெட்டி எறிய வேண்டும். அந்தத் தட்டுப்பாட்டைக் கண்ட அம்மாவுக்கு மனம் வராது. வெட்டாமலே மடிக்கிறார். நாய்க்கு ஒரு காது ஆட்டுக்காதாகத் தொங்குகிறது.

ஆசிரியர்மாரே, கைப்பணிப் புள்ளியையாவது அம்மாவின் பெயரில் போடுங்கள்.