விடுபட்ட 2.33 மில்லிமீட்டர்: ஓர் ஆராய்ச்சி

பிரிட்டனின் மாடியறைகளிலும் தோட்டத்துக் கொட்டகைகளிலும் ஓடும் மாதிரி நீராவி எஞ்சின்களுள் (பொம்மை என்றால் உடையவர்கள் சண்டைக்கு வருவர்) மிகுதியானவை ஓ.ஓ. மரபைச் சேர்ந்தவை. அவற்றுள் நீராவி கிடையாது, மின்மோட்டார்தான். அதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. கவலையெல்லாம் 2.33 மில்லிமீட்டரைப் பற்றியது. அக்கவலையின் தோற்றமும் வளர்ச்சியும் ஈண்டு ஆராயப்படும்.

ஓ.ஓ. அளவில் அசலின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். பிரிட்டன் ரயில்பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். பெருக்கினால் 18.83 மி.மீ. வரவேண்டும். தண்டவாளத்தை அளந்தாலோ 16.5தான் இருக்கிறது. அசலுக்குத் திருப்பிக் கணக்கிட்டால் அது 4 அடி 1½ அங்குலம். பிரிட்டனின் மெயின் லைன் எதிலும் அப்படியோர் அகலம் இருந்ததில்லை. ஏழு அங்குலத்தை விழுங்கியது யார்?

மோட்டார் என்பது முந்தையோர் துணிபு, நாமும் உடன்படுகிறோம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்று கொண்டன, 16.5 அதற்குக் கச்சிதம். பிரிட்டனில் குகைகளையும் நடைமேடைகளையும் ஆதியிலேயே நெருக்கிக் கட்டிவிட்டதால் அந்நாட்டு எஞ்சின்கள் ஒல்லியானவை. அக்கால மோட்டார் அவற்றின் வயிற்றில் அடங்கவில்லை. வயிற்றைப் பெரிதாக்கினார்கள், காலை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ என்னும் மாதிரி ரயில் வரிசை இந்த ஏற்பாட்டை ஊன்றிவிட்டது. மோட்டார் சிறுத்து எத்தனையோ காலமாயிற்று. பாதை அகலவில்லை.

இதிலிருந்து கிளைத்தவை மூன்று கலைகள். 'ஓடுகிறதல்லவா, விடும்' என்பார் ஓ.ஓ. கலையார். 18 என்று தொடங்கி, 18.2 என்று திருத்தி, அத்துடன் மனநிறைவு கொண்டார் ஈ.எம். கலையார். 1960களில் தோன்றிய பி4 கலையார்க்கு 18.83-இல் இழை குறைந்தாலும் தீட்டு. வடகலை தென்கலை பார்த்த நமக்கு இதில் வியப்பில்லை.

இனிக் கள ஆய்வு. அடியேன் ஒரு பித்தளைக் கிட் வாங்கினேன். பெட்டியில் தகடுகள் இருந்தன. சக்கரம், மோட்டார், கியர் எதுவும் இல்லை. அவற்றைத் தனியே வாங்க வேண்டுமாம். பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல. பாதி ஆழம் அரித்த கோடு உட்பக்கம் வருமாறு தகட்டை மடித்து, பற்றவைத்து, விரலையும் இருமுறை பற்றவைத்து, ஆறு சக்கரத்தையும் மாட்டினேன். எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் நொண்டியது.

காரணம் கிராங்க் கோணம், அதாவது சக்கரங்களைப் பிணைக்கும் தண்டை மாட்டும் ஆணி நிற்கும் கோணம். அசலில் பொதுவாக இடப்பக்கக் கிராங்கும் வலப்பக்கக் கிராங்கும் 90 பாகை விலகி நிற்கும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் கோடியில் திக்கி நிற்கையில் மறுபக்கத்தது தள்ளிக்கொடுக்கும். மாதிரியில் பிஸ்டன் வெறும் வேஷம். ஆகவே 88 ஆனாலும் குற்றமில்லை, எல்லா அச்சிலும் அதே 88 என்றால். என்னுடையதில் முன்னச்சும் பின்னச்சும் 88. நடு அச்சு மட்டும் சுத்தமாக 90-இல் நின்றது. நொண்டியது அதனால்தான். அதையும் கெடுத்துவிட்டேன். எஞ்சின் சீராக ஓடிற்று.

2.33-க்கும் இதுவே தீர்ப்பு என்க. ஓ.ஓ. தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாத் தண்டவாளமும் எல்லாச் சக்கரமும் அத்தவற்றை ஒரே அளவில் செய்கின்றன. எவர் எஞ்சினும் எவர் வீட்டிலும் ஓடும். பி4 அன்பர் சரியாகச் செய்தவர். தண்டவாளத்தைத் தாமே போட்டு, வாங்கிய எஞ்சினுக்கெல்லாம் சக்கரம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கவாட்டில் பார்த்தால் மூன்றுக்கும் வேற்றுமை தெரிவதே அரிது. மேசையில் கன்னத்தை வைத்து எதிரே பார்த்தால்தான், ஓ.ஓ. எஞ்சின் கால்களை ஒடுக்கிக்கொண்டு கூச்சத்தோடு நிற்பது தெரியும்.

பின்குறிப்பு: இவ்வாய்வின்போது கடுகளவு கிராங்க் ஆணி ஒன்று இடுக்கியிலிருந்து துள்ளித் தரையில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வருவோர் காலில் குத்தினால், முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு திட்டவும்.