பென்ஷன் வாங்கிய துப்பாக்கிகள்

தபால் தலை சேர்ப்பவரை ரசிகர் என்றும், பழைய நாணயம் சேர்ப்பவரைப் பண்டிதர் என்றும் கொண்டாடும் இந்த உலகம், அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டுப் போலீஸார் இடுப்பில் சுமந்து கழித்துவிட்ட ரிவால்வர்களைச் சேர்த்து வரும் என்னைப் போன்ற சாதுவை மட்டும் ஏற இறங்கப் பார்க்கிறது. "ஓய்வு பெற்றவர் ஒருவர் வீட்டில் இருப்பது போதாதென்று, ஓய்வு பெற்ற துப்பாக்கிகள் வேறா?" என்பது என் சகதர்மிணியின் நிரந்தர ஆக்ஷேபணை.

இந்தச் சரக்கு சந்தைக்கு வந்த விருத்தாந்தம் சுவாரசியமானது. ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 1899-ல் செய்யத் தொடங்கி, 1957 முதல் 'மாடல் 10' என்று எண்ணிட்டழைத்த ஆறு தோட்டா ரிவால்வர், அறுபது லட்சத்துக்கு மேல் உற்பத்தியாகி, கோல்ட் கம்பெனியாரின் 'அபிஷியல் போலீஸ்' என்னும் போட்டியாளரோடு சேர்ந்து, பல தலைமுறைப் போலீஸாரின் இடுப்பை அலங்கரித்து வந்தது. 1986-ல் மயாமியில் கொள்ளைக்காரர் இருவரோடு நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்த பிறகு, ஆறு தோட்டா போதாது என்ற அபிப்பிராயம் வலுத்து, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தோட்டா கொள்ளும் பிஸ்டல்கள் எங்கும் பரவின. நியூயார்க் போலீஸாரிடம் மிஞ்சியிருந்த ரிவால்வர்களும் 2018-ல் விடைபெற்றன. பழைய பித்தளைப் பாத்திரத்தைப் போட்டு எவர்சில்வர் வாங்கும் குடும்ப ஸ்திரீயைப் போல, ஊர்தோறும் போலீஸ் இலாகாக்கள் பழைய ரிவால்வர்களை வியாபாரியிடம் தள்ளி, அவற்றின் கிரயத்தைப் புதியவற்றின் விலையில் கழித்துக்கொண்டன.

என்னிடமுள்ள மாடல் 10 ஒன்றைப் பாருங்கள். தோலுறைக்குள் நாள்தோறும் போய் வந்ததில், குழல் முனையிலும் தோட்டா உருளையின் விளிம்பிலும் கருநீலப் பூச்சு தேய்ந்து, வெள்ளை உருக்கு எட்டிப் பார்க்கிறது. மரப்பிடியின் அடிப்பாகமோ கார் கதவிலும் நாற்காலிக் கையிலும் இடிபட்டு, வடுக்களின் சங்கமமாக விளங்குகிறது. ஆனால், உருளையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை ஒன்றுக்கு இருமுறை நிச்சயம் செய்துகொண்டு, குழலுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், அங்கே சுழன்றோடும் வரிகள் நேற்றுச் செதுக்கியவைபோல் பளபளக்கின்றன. சுமந்தது அதிகம், சுட்டது சொற்பம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. தேய்ந்த இடத்துக்குப் புதுப்பூச்சு கொடுத்து அழகுபடுத்தலாமே என்று யோசனை சொல்லும் நண்பர்களுக்கு, அப்படிச் செய்தால் சேகரிப்பவர் சந்தையில் மதிப்பு சரிந்துவிடும் என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடுகிறது.

எங்கள் வர்க்கத்தாருக்கு உள்ள ஒரே பலவீனம் வீர சரித்திரத்தில் ஆசை. நண்பர் ஒருவர், தம் கைக்கு வந்த ரிவால்வர் சிகாகோ கொள்ளைக்கூட்டங்களை நடுநடுங்க வைத்ததாகவே இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, பணம் கட்டித் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து கடிதம் வரவழைத்தார். அது எந்தத் தேதியில் எந்தச் சிற்றூர்ப் போலீஸுக்கு அனுப்பப்பட்டது என்ற விவரத்தைத் தவிர, கடிதத்தில் ஒரு வீரமும் இல்லை. நண்பர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் விசனப்பட நியாயமே இல்லை என்பது என் சித்தாந்தம். ஒருவர் வருஷக்கணக்காக இடுப்பில் சுமந்தும், எவர் மேலும் பிரயோகிக்க அவசியம் நேராமல் இலாகாவிடம் திருப்பிக் கொடுத்த ஆயுதத்தைக் காட்டிலும் உத்தமமான ஆயுதம் வேறு உண்டோ? ஆகையால், இத்துறையில் இறங்க விரும்பும் அன்பர்களே, மேல் தோற்றத்தைக் கண்டு அருவருக்காமல் குழலின் உட்புறத்தைப் பாருங்கள். சட்டம் கேட்கும் காகிதங்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். விலைச்சீட்டையும் மறவாமல் அதே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.